இல்லத்துப் பிள்ளைக்கு 18 ஆனால் எங்கே போவது?

கேள்வி: 9 மார்ச் 2025

மலேசியாவில் பட்டர்வொர்த் பக்கம் ஒரு சிறுவர் இல்லம். போன வருஷம்தான் கமிட்டியில் சேர்ந்தேன். இந்த வருஷம் இரண்டு பையன்களுக்கு 18 ஆகிறது. ஒருவன் எஸ்பிஎம் (ஐந்தாம் படிவ அரசுப் பரீட்சை) எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறான். இன்னொருவன் நான்காம் படிவத்தோடு நின்றுவிட்டான், படிப்பு ஏறவில்லை. 18 ஆனால் வெளியே அனுப்ப வேண்டும், அதுதான் சட்டம் என்கிறார்கள் மூத்தவர்கள். ஆளுக்கு ஆயிரம் வெள்ளியும் (ரிங்கிட்) ஒரு பெட்டியும் கொடுத்து வழியனுப்புவதாகத் தீர்மானம். எனக்கும் அது போதும் என்றுதான் படுகிறது. நம் அப்பா காலத்தில் 15 வயதிலேயே வேலைக்குப் போகவில்லையா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: 9 மார்ச், இரவு

போதாது தம்பி. ஏன் என்று நாளைக்கு எழுதுகிறேன், சம்பளக் கணக்கு முடிக்கிற நேரம்.

10 மார்ச்

நான் பத்து வயதிலிருந்து ஓர் இல்லத்தில் வளர்ந்தவள். எந்த இல்லம் என்பது வேண்டாம். 18 ஆன கையோடு பினாங்கு பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி ஹோஸ்டலுக்கு வந்தேன். இப்போது அதே வட்டாரத்தில் வேறொரு கம்பெனியில் சம்பளப் பிரிவில் வேலை. வேலைக்குச் சேரும் விண்ணப்பப் பாரம் நிரப்பியும் பார்த்தாயிற்று, பாரம் வாங்கியும் பார்த்தாயிற்று.

முதலில் உங்கள் ஆயிரம் வெள்ளி. சுங்கை ஆராவில் ஒரு சாதாரண அறை மாதம் 400 என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பணம் 400, டெப்போசிட் 400, தண்ணீர் கரண்டுக்கு அரை மாத வாடகை 200. முடிந்தது ஆயிரம். அறையில் மெத்தை இருக்கிறதா என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும். முழு வீடு என்றால் டெப்போசிட்டே இரண்டு மாதம் கேட்பார்கள். இதில் சில விளம்பரத்திலேயே இந்தியர் வேண்டாம் என்று போட்டிருப்பான், அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

அடுத்த நாளே வேலை கிடைத்துவிட்டது என்றே வைப்போம். சம்பளம் மாத முடிவில். வேலைச் சட்டப்படி அடுத்த மாதம் 7ஆம் தேதி வரை முதலாளிக்கு அவகாசம் உண்டு. அதுவரை சோற்றுக்கும் பஸ்ஸுக்கும்? குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து ஐந்து பேராவது வேலை செய்யும் இடங்களிலும், ஆகஸ்டிலிருந்து எல்லா இடங்களிலும், 1,700 வெள்ளி. இபிஎஃப் (சேமநிதி) 11 விழுக்காடு பிடித்தால் 187 போகும். சொக்சோவும் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா) வேலைக் காப்புறுதியும் சில்லறை. கைக்கு 1,500 கிட்ட வரும். வாடகை போக மிச்சத்தில் ஓட்டலாம், ஓட்டியிருக்கிறோம். முதல் சம்பளம் வரைக்கும்தான் பிள்ளை தள்ளாடும். அந்த நேரத்தில்தான் தெரியாதவன் வாங்கிக் கொடுத்த ரொட்டி சானாய்க்கு நன்றிக்கடன் பட்டு எங்காவது போய் மாட்டும்.

அப்பா காலம் என்றீர்கள். அப்பா 15 வயதில் வேலைக்குப் போனார், சரி. சாயங்காலம் எந்த வீட்டுக்குத் திரும்பினார்?

11 மார்ச்

சட்டத்தைப் பற்றி. 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தில் 18க்குக் கீழே இருப்பவர்தான் சிறார். நீதிமன்றம் ஒரு பிள்ளையைப் பாதுகாப்பு இடத்தில் வைக்க உத்தரவிட்டால் அது மூன்று வருஷத்துக்கு, அல்லது 18 வயது வரைக்கும், எது முந்தி வருகிறதோ அதுவரை. வளர்ப்புப் பெற்றோரிடம் ஒப்படைத்தால் இரண்டு வருஷம் அல்லது 18 வயது. உத்தரவு அத்தோடு முடியும் என்பதுதான் அதில் இருப்பது. பிள்ளையைப் பெட்டியோடு வாசலில் நிறுத்து என்று எந்தப் பிரிவிலும் நான் படிக்கவில்லை.

அதுவும் போக, உங்கள் இல்லத்தில் எத்தனை பேர் கோர்ட் உத்தரவோடு வந்தவர்கள்? நம் இல்லங்களில் பெற்றோர் இல்லாத பிள்ளைகள் கொஞ்சம்தான். அம்மா கையெழுத்துப் போட்டு விட்டுப்போனது, பாட்டியால் முடியாமல் கொண்டுவந்தது, அப்பா சிறையில், இப்படித்தான் நிறைய. அந்தப் பிள்ளைகளுக்கு உத்தரவே கிடையாது, அப்புறம் எது முடிகிறது?

கட்டில் வேண்டும், அடுத்த பிள்ளை காத்திருக்கிறது, அரிசி விலை ஏறிவிட்டது என்று சொல்லுங்கள். நியாயம், கேட்டுக்கொள்கிறேன். சட்டத்தின் தலையில் போட வேண்டாம். என் கட்சி இது: 21 வரைக்கும் வைத்திருங்கள்.

14 மார்ச்

பணக்கணக்கை விட்டுவிட்டு வேறொன்று.

ஹோஸ்டலுக்கு வந்த முதல் ஞாயிறு நான் சமைத்தேன். இல்லத்தில் கொஞ்சம் வளர்ந்துவிட்டால் சமையல் முறை வரும். நாற்பது பேருக்குச் சாம்பார் வைப்பது எனக்குத் தூக்கத்திலும் வரும். பருப்பைப் படியால் அளந்து அண்டாவில் கொட்டி, உப்பைக் கையால் அள்ளி மூன்று தடவை. ஒருத்திக்கு எவ்வளவு? தெரியவில்லை. மளிகை லோரியில் வந்து மூட்டையாக இறங்கித்தான் பார்த்திருக்கிறேன், அரை கிலோ பாக்கெட்டில் பருப்பு விற்பது எனக்குப் புதுச் செய்தி. பாதிப் பாக்கெட்டைப் போட்டேன், சட்டி வழிந்தது. அறையில் இருந்த நாலு பேரும் மறுநாளும் அதையே தின்றோம். கெடாவிலிருந்து வந்த மலாய்ப் பெண் ஒருத்தி, நல்லா இருக்கு, அடுத்த வாரமும் வை, காசு தருகிறேன் என்றாள். அப்படி ஆரம்பித்தது என் ஞாயிற்றுக்கிழமை வியாபாரம்.

கரண்டு பில் எங்கே கட்டுவது, கிளினிக்கில் போய் என்ன சொல்வது, பல் வலித்தால் யாரிடம் போவது, ஒரு சட்டை என்ன விலை என்று ஒன்றுமே தெரியாது. இல்லத்தில் எல்லாமே மொத்தமாக நடக்கும். முடி வெட்டுவதுகூட வரிசையில் உட்கார்ந்துதான். எங்களுக்கு ஒழுக்கம் சொல்லிக்கொடுத்தார்கள், குறை சொல்லவில்லை. ஐந்து மணிக்கு எழுந்து தேவாரம் பாடத் தெரியும். ஏடிஎம் கார்டு போடத் தெரியாது.

15 வயதுப் பிள்ளையிடம் வாரம் 50 வெள்ளியைக் கொடுத்துச் சந்தைக்கு அனுப்பிப் பாருங்கள். மீதிச் சில்லறை குறையும். குறையட்டும்.

15 மார்ச்

"தேவாரம் பாடுவதைக் கிண்டல் செய்கிறீர்கள்" என்று ஒருவர். கிண்டல் இல்லை ஐயா, இன்றும் பாடுகிறேன். ஏடிஎம்மும் தெரிந்திருக்கலாம் என்றேன், அவ்வளவுதான்.

2 ஏப்ரல்

வேலைக்குச் சேரும் பாரத்தில், அவசரத்துக்கு யாரைத் தொடர்புகொள்வது என்று ஒரு கட்டம் இருக்கும். பெயர், உறவு, போன் நம்பர். நான் இல்லத்து ஆபீஸ் நம்பரைப் போட்டேன். உறவு என்ற இடத்தில் பேனாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு "நிர்வாகம்" என்று எழுதினேன். கவுண்டரில் இருந்த சீன அம்மா படித்தார், என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார், முத்திரையைக் குத்திவிட்டார். அந்த நம்பரைச் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் யாரும் எடுக்க மாட்டார்கள். எனக்கோ நைட் ஷிப்ட்.

இப்போது அந்தக் கட்டத்தை நான் படிக்கிறேன். சில பாரத்தில் அது காலியாக வரும். சில பாரத்தில் ஒரு நண்பன் பெயர் இருக்கும், அவனும் அதே வாரம் வேலைக்குச் சேர்ந்தவனாக இருப்பான். பார்த்ததும் புரிந்துவிடும், இல்லத்துப் பிள்ளை. கேட்க மாட்டேன்.

மோட்டார் சைக்கிள் கடனுக்கு ஜாமீன், ஆஸ்பத்திரியில் படுத்தால் துணைக்கு ஆள், வாடகை ஒப்பந்தத்தில் சாட்சி, எல்லாவற்றிலும் இன்னொரு மனுஷர் தேவை. பணம் கடன் வாங்கலாம். ஆளை எங்கே வாங்குவது? தீர்மானத்தில் ஆயிரம் வெள்ளி என்ற வரிக்கு மேலே ஒரு பெயரை எழுதுங்கள் தம்பி. கமிட்டி என்று எழுதாதீர்கள், கமிட்டிக்கு ராத்திரி இரண்டு மணிக்குப் போன் அடிக்க முடியாது. ஒரு ஆள், ஒரு கைப்பேசி நம்பர். வேன் ஓட்டுகிற அண்ணனாக இருக்கலாம், சமையல் பாட்டியாக இருக்கலாம். யார் என்று பையனே சொல்லட்டும். தலைவர் பெயரை அவன் சொல்ல மாட்டான், அதற்காகக் கோபித்துக்கொள்ளாமல் இருங்கள்.

3 ஏப்ரல்

வெளிநாட்டில் எப்படி என்று ஒருவர் கேட்டிருந்தார். இங்கிலாந்தில் 2014 சட்டத்துக்குப் பிறகு, இரு தரப்புக்கும் சம்மதம் என்றால் வளர்ப்புக் குடும்பத்தோடேயே 21 வயது வரை தங்கலாம். 2017இல் வந்த இன்னொரு சட்டப்படி 25 வயது வரைக்கும் சொந்தமாக ஓர் ஆலோசகரைக் கேட்டுப் பெறலாம். நேற்று நான் சொன்ன அந்த "ஒரு பெயர்" அங்கே அரசாங்கச் செலவில் கிடைக்கிறது. அமெரிக்காவில் 2008இல் வந்த சட்டம், 21 வரை பராமரிப்பை நீட்டிக்கும் மாநிலங்களுக்கு மத்திய அரசு பணம் கொடுக்க வழி செய்தது. நீட்டிப்பதும் விடுவதும் மாநிலத்தின் விருப்பம். இந்தியாவில் 2015 சிறார் நீதிச் சட்டம் 46ஆம் பிரிவு, 18இல் வெளியே வரும் பிள்ளைக்குப் பண உதவி உண்டு என்கிறது. ஐநா பொதுச்சபை 2009இல் ஏற்ற வழிகாட்டியிலும் இது வருகிறது: வெளியே அனுப்புவதற்கு வெகு முன்பே ஆயத்தம் செய், அனுப்பிய பிறகும் கூட இரு.

அங்கேயும் தெருவில் படுக்கிற பிள்ளைகள் உண்டு, சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். ஆனால் 18ஆம் பிறந்தநாள் ஒரு பிரச்சினை என்று சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது.

24 ஏப்ரல்

இன்றைக்கு எஸ்பிஎம் ரிசல்ட். தம்பி, உங்கள் பையன் எப்படி?

பரீட்சை டிசம்பரில் ஆரம்பித்து பிப்ரவரியில் முடிந்தது. 2007 ஜனவரியில் பிறந்த பிள்ளைக்குப் பரீட்சை நடுவிலேயே 18 ஆகிவிட்டது. கணக்குத் தாளுக்கும் வரலாற்றுத் தாளுக்கும் இடையில் பெட்டி கட்டச் சொல்வீர்களா? சொல்ல மாட்டீர்கள், முடிந்ததும் சொல்வீர்கள். முடிந்த பிறகு ரிசல்ட்டுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. அதற்குப் பிறகு பாலிடெக்னிக்கோ மெட்ரிகுலேஷனோ இடம் கிடைத்து ஹோஸ்டல் கதவு திறக்க இன்னும் சில வாரம். வீட்டுப் பிள்ளைகள் இந்த இடைவெளியில் தூங்கும், போன் பார்க்கும், பார்ட் டைம் போகும். இல்லத்துப் பிள்ளை இந்த இடைவெளியில்தான் படிப்பைக் கைவிடுகிறது. மூளை குறைந்தா? அறை வாடகை கட்ட ஃபேக்டரிக்குப் போனான், சம்பளம் வந்தது, ஜூனில் அழைப்புக் கடிதம் வரும்போது அவனுக்கு மோட்டார் தவணை ஓடிக்கொண்டிருக்கும்.

என் செட்டில் என்னைவிட நன்றாகப் படித்த இருவர் இப்படித்தான். ஒருவன் இன்றைக்கு நல்ல வெல்டர், குறை ஒன்றும் இல்லை. ஆனால் அவன் கேட்ட பாடம் வேறு.

25 ஏப்ரல்

நாலு ஏ-வா! சொல்லுங்கள் அவனிடம், முகம் தெரியாத ஒரு அக்கா சந்தோஷப்பட்டாள் என்று. ஹோஸ்டல் திறக்கும் வரை அவன் கட்டில் அவனுடையது என்று கமிட்டியில் எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சு மீட்டிங்கோடு போய்விடும்.

11 மே

இரண்டாவது பையனைப் பற்றித் தம்பி தனியாக எழுதினார். ஊர், பெயர் இல்லாமல் இங்கே போடச் சம்மதம் வாங்கியிருக்கிறேன், ஏனென்றால் இது ஒரு பையன் கதை இல்லை.

படிப்பு ஏறாமல் நின்றவன் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவனுக்கு அடையாள அட்டை இல்லை. 12 வயதில் வகுப்பே போய் மைகார்டு எடுத்தபோது அவன் மட்டும் போகவில்லை. பிறப்புப் பத்திரத்தில் குடிமகன் அல்லாதவர் என்று இருக்கிறது. அப்பா இங்கே பிறந்த தமிழர், அம்மா தாய்லாந்து. கோயிலில் தாலி கட்டினார்கள், ஊரைக் கூட்டிச் சோறு போட்டார்கள், பதிவு செய்யவில்லை. 1982 மார்ச் முதல் முஸ்லிம் அல்லாதவர் திருமணத்தைப் பதிந்தால்தான் சட்டத்தில் அது திருமணம். பதிவில்லாமல் பிறந்த பிள்ளைக்கு அரசியலமைப்பில் தாயின் குடியுரிமைதான் கணக்கு. அப்பா மலேசியர் என்பது அங்கே செல்லாது. நம்மவர்களிடம் இன்னும் எத்தனை பேர் கோயில் ரசீதோடு சரி என்று இருக்கிறார்கள் என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது.

அவனுக்கு ஆயிரம் வெள்ளி கொடுத்து அனுப்பினால் என்ன ஆகும்? பேங்க் கணக்குத் திறக்க முடியாது. என் கம்பெனி மாதிரி இடம் அவனைச் சேர்க்காது, அவன் பாரத்தை நானே திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். ரோட்டில் போலீஸ் நிறுத்தினால் காட்ட ஒன்றுமில்லை. கார் கழுவும் கடை, மீன்பிடிப் படகு, கூலியைக் கையில் கொடுக்கிற இடம் மட்டும்தான்.

செய்ய வேண்டியது: அரசியலமைப்பின் 15ஏ பிரிவின் கீழ் குடியுரிமை மனு. சிறப்புச் சூழ்நிலை என்று கருதினால் அரசாங்கம் குடியுரிமை தரலாம். இதற்கு வயது வரம்பு 21 என்று இருந்தது. 2024 அக்டோபரில் மக்களவையில் நிறைவேறிய திருத்தம் அதை 18க்குக் குறைக்கிறது. பையனுக்கு ஆகஸ்டில் பிறந்தநாள். தேதியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம், அதற்கு முன்பே மனு தேசியப் பதிவு இலாகாவுக்குள் போய் ரசீது கையில் வந்திருக்க வேண்டும். அப்பா எங்கே என்று தேடுங்கள், பள்ளிக் கடிதம், தடுப்பூசிப் புத்தகம், இல்லத்துச் சேர்க்கைப் பாரம், எல்லாவற்றையும் நகல் எடுங்கள். வக்கீல் கழகத்தின் இலவச சட்ட உதவி மையத்தையும் கேளுங்கள்.

வாசலில் விட்டுப்போன குழந்தை என்றால் வழி வேறு. பெற்றோர் யாரென்றே தெரியாத கைக்குழந்தைக்கு அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணையில் 19பி என்று ஒரு பிரிவு சாதகமாக இருக்கிறது. 2021இல் கூட்டரசு நீதிமன்றம் அதை வைத்து ஒரு பிள்ளையைக் குடிமகன் என்று தீர்ப்பளித்தது.

12 மே

"இதையெல்லாம் சமூகநல இலாகா பார்த்துக்கொள்ளாதா?" இல்லம் போய்க் கேட்டால் பார்ப்பார்கள். கேட்க வேண்டும். அலமாரியில் கோப்பு தூங்கினால் யாரும் வந்து எழுப்ப மாட்டார்கள்.

8 ஜூன்

புக்கிட் மெர்தாஜமிலிருந்து ஒரு அம்மா. வளர்ப்புப் பிள்ளையாகச் சிறுமி ஒருத்தியை எடுத்திருக்கிறார்கள், உத்தரவு இரண்டு வருஷத்துக்கு. 18 ஆனால் பிடுங்கிக்கொள்வார்களா என்று பயம்.

யாரும் பிடுங்க மாட்டார்கள் அம்மா. உத்தரவு முடிந்தால் இலாகாவின் பொறுப்பு விலகுகிறது, உதவித்தொகை நிற்கிறது. 18 வயதுப் பெண் எந்த வீட்டில் இருக்க வேண்டும் என்பது அவள் இஷ்டம். ஆனால் நடுவில் இரண்டு வருஷம் முடியும்போது நீட்டிக்க மறந்துவிடாதீர்கள். சொந்த மகளாகவே ஆக்க நினைத்தால் அது தத்துச் சட்டம், வேறு வழக்கு, 21க்குள் முடிக்க வேண்டும். பேசிப் பாருங்கள், அவளையும் கேளுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கும் அபிப்பிராயம் இருக்கும்.

6 ஜூலை

மார்ச்சில் 21 வரை வைத்திருங்கள் என்றேன். யோசித்துப் பார்த்தால் அதில் பாதிதான் எனக்கு உடன்பாடு.

எனக்கு 17 வயதில் வெளியே போனால் போதும் என்று இருந்தது. ஒன்பது மணிக்கு விளக்கணைப்பு, போன் கிடையாது, யாராவது கடிதம் போட்டால் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் தருவார்கள், பெரிய பிள்ளை ஆகிவிட்டோம் என்றால் சின்னப் பிள்ளைகளைக் குளிப்பாட்டும் வேலை. இன்னும் மூன்று வருஷம் இரு என்றிருந்தால் சுவரேறிக் குதித்திருப்பேன். 21 வரை கட்டாயம் வைப்பதும் ஒரு பூட்டுதான். பையன்களிடம் கேட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கிளம்பத்தான் பார்ப்பார்கள், இது ஆய்வு இல்லை, என் வாய்க்கணக்கு.

கிளம்பட்டும். நாலு மாதம் கழித்து வேலை போய், அறையை விட்டு விரட்டப்பட்டு, வாசலில் வந்து நின்றால் உள்ளே படுக்க இடம் உண்டா? என் காலத்தில் கிடையாது. பார்க்க வரலாம், டீ குடிக்கலாம், ஆறு மணிக்குள் போய்விட வேண்டும். வீட்டுப் பிள்ளை எத்தனை தரம் திரும்பி வருகிறது! கல்யாணம் ஆனதுகூடப் பையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வருகிறது. ஒரு அறை ஒதுக்குங்கள். சின்னப் பிள்ளைகளோடு பெரியவர்களைப் படுக்க வைப்பது சரியில்லை என்பது தெரியும், அதனால் இல்லத்துக்குள் வேண்டாம், பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) ஒரு வீட்டை வாடகைக்கு எடுங்கள். மேளதாளத்தோடு திறக்கிற புதுக் கட்டடத்துக்குப் பணம் கிடைக்கிறது, இதற்குக் கிடைக்காதா?

பழைய இல்லங்களுக்கு இங்கே ஒரு பலம் உண்டு. பினாங்கு ஸ்காட்லண்ட் ரோட்டு இராமகிருஷ்ணா இல்லம் 1938இல் தொடங்கியது. கோலாலம்பூரில் சுத்த சமாஜமும் பழையது. அவ்வளவு காலம் நடந்த இடத்தில் வளர்ந்தவர்கள் இன்று தாத்தா பாட்டி ஆகியிருப்பார்கள், வெளியே வருகிற பிள்ளைக்குக் கை கொடுக்க ஆள் இருக்கும். புது இல்லத்துக்கு அந்தச் சொத்து இல்லை, முதல் செட் இப்போதுதான் வெளியே போகிறது.

7 ஜூலை

அம்மா வீட்டுக்கு அனுப்பலாமே என்கிறார்கள், சொந்தம் இருக்கும்போது எதற்கு வாடகை வீடு என்று. சில பிள்ளைக்கு அது சரி வரும். என்னோடு இருந்த ஒருத்தியை எட்டு வருஷம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. முதல் சம்பளம் வாங்கிய மாதம் அம்மா ஹோஸ்டல் வாசலில் நின்றார், கூடவே ஒரு சித்தப்பா. அவள் சந்தோஷத்தில் ஏடிஎம் கார்டையே கொடுத்துவிட்டாள். திருப்பி வாங்க அவளுக்கு மனசு வரவில்லை, எங்களுக்குத்தான் வயிறு எரிந்தது. இன்றைக்கும் அந்த அம்மாவைத் திட்டினால் அவளுக்குப் பிடிக்காது. நான் என்ன சொல்ல?

19 ஜூலை

சின்னக் குறிப்பு, பையன்களுக்கு. "உன் ஏடிஎம் கார்டை ஒரு மாதம் கொடு, 300 வெள்ளி தருகிறேன்" என்று எவனாவது கேட்டால் ஓடிவிடு. மோசடிப் பணம் உன் கணக்கு வழியாகப் போகும், போலீஸ் உன் வீட்டுக்கு வரும். 2024இல் தண்டனைச் சட்டத்தில் இதற்கென்றே புதுப் பிரிவுகள் போட்டுவிட்டார்கள். கார்டைக் கொடுத்தவனும் குற்றவாளி. அறிவுரை சொல்ல ஆளில்லாத பிள்ளைகளைத் தேடித்தான் வருகிறான்கள். ஆ லோங் (கந்துவட்டிக்காரன்) பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன், மின்கம்பத்தில் எல்லாம் நம்பர் ஒட்டியிருக்கிறது, அடிக்காதே.

17 ஆகஸ்டு

பெண் பிள்ளைகளைப் பற்றி எழுதவே இல்லை என்று ஒரு தோழி சண்டைக்கு வந்தாள். சரி.

எனக்கு 20 வயதில் கல்யாணம் பேசினார்கள், நானேதான் பேசிக்கொண்டேன் என்று வையுங்கள். பதிவுக்குப் போனால் அப்பாவின் எழுத்துச் சம்மதம் எங்கே என்றார்கள். 1976 திருமணச் சட்டம், 12ஆம் பிரிவு: 21 ஆகாதவருக்கு அப்பா சம்மதம் வேண்டும், அவர் இல்லை என்றால் அம்மா, அப்புறம் பொறுப்பில் இருப்பவர், யாரும் இல்லை என்றால் கோர்ட். எனக்கு அப்பா எங்கே என்று தெரியாது, இறந்ததற்குப் பத்திரமும் இல்லை. இல்லம், நீ எங்கள் பொறுப்பில் இல்லை, 18 முடிந்துவிட்டது என்றது. கோர்ட்டுக்குப் போகக் காசு இல்லை. 21 ஆகட்டும் என்று காத்திருந்தோம். இப்போது 18 வயதில் ஓட்டுப் போடலாம், நாட்டை யார் ஆள்வது என்று சொல்லலாம். யாரைக் கட்டிக்கொள்வது என்பதற்கு மட்டும் அப்பாவைத் தேடிக்கொண்டு போக வேண்டும்.

காத்திருந்த காலத்தில் மாமியாருக்கு யோசனை வந்துவிட்டது. எந்த ஊர், எந்த ஆட்கள், யார் வந்து தாரை வார்ப்பார்கள் என்று கேள்வி. கடைசியில் இல்லத்துச் சமையல் பாட்டி பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி வந்து மணையில் நின்றார். கையில் மஞ்சள் பையில் இரண்டு தேங்காய். மாமியார் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை, பாட்டியிடம் வாய் கொடுக்க யாருக்கும் தைரியம் வராது.

இரண்டாவது பையனின் குடியுரிமை மனு ஜூலையில் உள்ளே போய்விட்டது, ரசீது கையில் என்று தம்பி சொன்னார். பதில் வர வருஷக்கணக்கு ஆகலாம். அதுவரை இல்லத்தின் பின்பக்க அறை அவனுக்கு.

22 அக்டோபர்

தீபாவளி முடிந்தது. இல்லங்களில் முறுக்கு டின் கூரை முட்ட அடுக்கியிருக்கும். எங்கள் காலத்தில் ஒரு தீபாவளிக்கு எனக்கு மட்டும் நாலு பள்ளிப் பை வந்தது, எல்லாவற்றிலும் கம்பெனி பெயர். பெரிய அட்டைக் காசோலையை ஆளுக்கொரு மூலை பிடித்துக்கொண்டு போட்டோ எடுப்பார்கள். மனசார வருகிறவர்கள்தான், கும்பிடுகிறேன். ஆனால் அந்தப் போட்டோவில் முன்வரிசையில் சின்னப் பிள்ளைகள்தான் நிற்கும். மீசை முளைத்தவனைப் பின்னால் போகச் சொல்வார்கள், போட்டோவுக்கு நன்றாக இருக்காதாம்.

கம்பெனிக்காரர்கள் படித்தால்: பிப்ரவரியில் வாருங்கள். 17 வயதுக்காரர்களைப் பாருங்கள். ஒருவனுக்கு மூன்று மாத அறை வாடகையைக் கட்டுங்கள், அல்லது உங்கள் கம்பெனியிலேயே பள்ளி விடுமுறையில் வேலை கொடுத்துப் பழக்குங்கள். எஸ்பிஎம் சரியில்லாத பிள்ளைக்கு எஸ்கேஎம் (தொழில்திறன் சான்றிதழ்) உண்டு, முதல் நிலையிலிருந்து ஏறலாம். ஷா ஆலாம் மோன்ட்ஃபர்ட் போலத் தங்க இடமும் கொடுத்துத் தொழிலும் சொல்லித்தரும் இடத்தில் ஒரு பிள்ளையின் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள்.

9 நவம்பர்

ஒரு அன்பர் இரண்டு லேப்டாப் தருகிறேன் என்கிறார், வெளியே போகிற பெண்களுக்கு. நல்ல மனசு. லேப்டாப் வேண்டாம் ஐயா, அதே பணத்தில் லைசென்ஸ் எடுத்துக் கொடுங்கள். மோட்டார் பி2 லைசென்ஸுக்கு 16 வயது போதும், காருக்கு 17. அதாவது இல்லத்தில் இருக்கும்போதே எடுத்துவிடலாம். வகுப்பு, கண் பரிசோதனை, டெஸ்ட் என்று பல தடவை போகிற வேலை, வெளியே வந்து ஷிப்டில் மாட்டிக்கொண்டால் லீவு எடுக்க முடியாது. நைட் ஷிப்ட் முடிந்து ஃபேக்டரி பஸ்ஸைத் தவறவிட்ட பெண்ணுக்கு லேப்டாப் என்ன செய்யும்? கிளினிக் வேலை, டெலிவரி, டியூஷன் சென்டர் என்று எங்கே போனாலும் முதல் கேள்வி சொந்த வண்டி இருக்கிறதா என்பதுதான். டிரைவிங் ஸ்கூலுக்கு நேராகக் கட்டிவிடுங்கள், ரசீதை இல்லத்தில் கொடுங்கள். லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு யாராவது கூட உட்கார்ந்து ஓட்டிப் பழக்க வேண்டும், அதற்கும் ஒரு ஆளைப் பிடித்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் என் வீட்டுக்காரர் வருவார், அவர் கத்துவார், பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.